கைகாட்டி அக்கா காட்டிய வலதுபக்கம்

பாய்மரப் படகின் முன்நுனியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தம்மா, வலது கையைப் பக்கவாட்டில் நீட்டினார். பின்னால் சுக்கான் சக்கரத்தோடு நின்ற அவர் கணவர் படகை வலதுபக்கம் திருப்பினார். கை தலைக்கு மேலே போனது. படகு நேராக ஓடியது. இடது கை நீண்டது. படகு இடதுபக்கம் ஒதுங்கியது. இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

தீவுகளுக்கு நடுவே கடல் இடுப்பளவு, கழுத்தளவு என்று கிடக்கும் இடங்களில் இப்படித்தான் படகு ஓட்ட வேண்டும். கருநீலமாக இருந்தால் ஆழம். பச்சை என்றால் போகலாம். வெளிறிய பச்சை என்றால் அடியில் மணல். பழுப்பு என்றால் பவளப்பாறை, அதில் இடித்தால் படகின் வயிறு கிழிந்துவிடும். இதெல்லாம் முன்னால் நிற்பவருக்குத்தான் தெரியும். பின்னால் நிற்பவருக்குத் தெரிவது மனைவியின் முதுகும் கையும் மட்டுமே. இன்ஜின் சத்தத்தில் கத்தினாலும் காதில் விழாது. அதனால் இவர்களுக்குள் ஓர் ஏற்பாடு. திசைக்குக் கை. ஆபத்து என்றால் பலகையில் இரண்டு முறை ஓங்கிக் காலால் மிதிப்பது. அந்த அதிர்வு படகு முழுக்கப் பரவி அவர் உள்ளங்காலுக்கு வந்துவிடும். (இதை எழுதுகிற எனக்கு வாளித் தண்ணீரைப் பார்த்தாலே தலை சுற்றும். கடலைப் பற்றிய என் அறிவெல்லாம் கரையில் நின்று கேட்டது.)

அவர் பல் டாக்டர். அந்தம்மா அவருடைய மருத்துவமனையில் உதவியாளராகவும் மற்ற நேரத்தில் அவருடைய மனைவியாகவும் இருந்தவர். மகளுக்குக் கல்யாணம் முடிந்ததும் மருத்துவமனையையும் வீட்டையும் விற்றுப் படகை வாங்கினார்கள். ஆசை டாக்டருடையது. படகில் வருகிற குமட்டல் அந்தம்மாவுடையது. ஆனாலும் அவர்தான் தண்ணீரின் நிறத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டார்.

டாக்டருக்கு ஒரு வியாதி இருந்தது. நாலு பேர் கூடினால் அவர்களைச் சிரிக்க வைத்தே ஆக வேண்டும். மருத்துவமனை நடத்திய காலத்தில் அதற்குச் சிரமமே இல்லை. வாயைத் திறந்துகொண்டு படுத்திருப்பவரால் எழுந்து ஓட முடியாது. அவர்களிடம் சொல்வதற்குச் செலவில்லாத சரக்கு ஒன்று பக்கத்திலேயே கத்தரியும் பஞ்சுமாக நின்றது. மனைவி. படகுக்கு வந்த பிறகும் சரக்கு அதேதான். கேட்பவர்கள் மட்டும் மாறினார்கள். 'கைகாட்டி' என்று பட்டப்பெயர் வைத்தவரும் அவர்தான். பக்கத்துப் படகுக்காரர்கள் அதோடு ஓர் 'அக்கா'வைச் சேர்த்து மரியாதை செய்தார்கள்.

அந்த மாதம் மூன்று படகுகள் ஒன்றாகப் பயணம் செய்தன. டாக்டருடையது ஒன்று. இன்னொன்றில் ஒரு மீசைக்காரர், தனி ஆள். லாரி கம்பெனி நடத்திக் களைத்துக் கடலுக்கு வந்தவர். மூன்றாவதில் ஓர் இளம் ஜோடி. கல்யாணமான புதுசு. அந்தப் பையன் டாக்டரைத் தன் குருவாகவே எடுத்துக்கொண்டிருந்தான். நங்கூரம் போடுவதையும் பாயைச் சுருட்டுவதையும் அவரிடம் படித்தான். கூடவே இன்னொன்றையும் படித்தான். டாக்டர் தன் மனைவியைப் பற்றி ஒன்று சொன்னால், இவன் தன் மனைவியைப் பற்றி அதே மாதிரி ஒன்று சொல்வான். அந்தப் பெண் முதலில் சிரித்தாள். இப்போதெல்லாம் டீக்குவளைக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் எல்லாரும் டாக்டரின் படகில் கூடியிருந்தார்கள். அந்தம்மா டீ போட்டுக் கொடுத்துவிட்டு, பிஸ்கட் தட்டோடு வந்து உட்கார்ந்தார். டாக்டர் குவளையைக் கீழே வைத்தார். அவர் குவளையைக் கீழே வைத்தால் கதை வருகிறது என்று அர்த்தம்.

"போன வருஷம் ஒரு மிளகாய்ச் செடிக்காக இவ படகையே மணல்ல ஏத்தினது உங்களுக்குத் தெரியுமா?"

அந்தம்மாவின் கையில் இருந்த தட்டு அப்படியே நின்றது. "என்னங்க, அது வேணாம்" என்றார், சத்தமில்லாமல்.

டாக்டர் நிறுத்தவில்லை. இவள் தொட்டியில் வளர்த்த மிளகாய்ச் செடி காற்றில் பறந்து கடலில் விழுந்துவிட்டது. அதற்காக முன்னால் நின்று ஓவென்று அழுதாள். கண்ணீரில் நிறம் தெரியாமல் மணல் பக்கம் கையைக் காட்டினாள். படகு போய்த் தட்டியது. "அப்புறம் எப்படி வெளிய வந்தோம்னு கேளுங்க. இவ அழுத அழுகையில கடல் ஒரு அடி ஏறிடுச்சு. அந்தத் தண்ணியிலதான் படகே மிதந்துச்சு."

மீசைக்காரர் தொடையைத் தட்டிச் சிரித்தார். பையனுக்குப் புரையேறியது.

செடி எதுவும் கடலில் விழவில்லை. படகு மணலில் தட்டிய அன்று காலை அந்தம்மாவின் அக்கா இறந்துபோயிருந்தார். தாயில்லாத வீட்டில் அவருக்குத் தலை பின்னிவிட்டு வளர்த்த அக்கா. சேதி போனில் வந்தது. விமானம் பிடித்தாலும் முகத்தைப் பார்க்க முடியாத தூரம். காற்று மாறுகிறது, உடனே இடம் மாற்றியாக வேண்டும் என்று டாக்டர் சொன்னதால் அந்தம்மா அழுதுகொண்டே முன்னால் போய் நின்றார். மணலில் படகு லேசாகத் தட்டி, பின்வாங்கியதும் விடுபட்டுவிட்டது. அவ்வளவுதான் நடந்தது. இந்தச் சாவை எப்படிச் சிரிப்பாக்கலாம் என்று டாக்டர் உட்கார்ந்து யோசித்திருக்க மாட்டார். ஒரு கூட்டத்தில் தெரியாமல் ஆரம்பித்து, சாவைச் சொல்ல நாக்கு வராமல் செடியைப் போட்டு, அதற்குச் சிரிப்பு கிடைத்ததும் அதையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். முதல் தடவையே அந்தம்மா வேண்டாம் என்று சொன்னார். அடுத்த தடவை அழுதார். அதற்கடுத்து சத்தியம் வாங்கினார். மகள் பேரில் சத்தியம்.

இப்போது மீசைக்காரர் கேட்டார், "அக்கா கையை நம்பி எப்படி டாக்டர் ஓட்டறீங்க?"

"யாரு நம்பினா? இவ வலதுன்னா நான் இடது. இவ இடதுன்னா நான் வலது. அதனாலதான் இன்னும் உயிரோட இருக்கேன்."

மறுபடியும் சிரிப்பு. நாளைக்குக் காலையில் அடுத்த தீவுக்குப் போகும் கடல் வாய்க்காலுக்குள் நுழையும்போது இதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார் மீசைக்காரர். பார்க்கலாமே என்றார் டாக்டர்.

விருந்தாளிகள் போன பிறகு அந்தம்மா குவளைகளைக் கழுவினார். அவ்வளவு சுத்தமாக அவை எப்போதும் கழுவப்பட்டதில்லை. ஒவ்வொன்றையும் டாக்டரின் தலையாக நினைத்துத் தேய்த்தார்.

முதலில் தோன்றியதெல்லாம் சில்லறைப் பழிகள். தொப்பியைக் கடலில் போடலாம். மூக்குக்கண்ணாடியை ஒளித்து வைக்கலாம். டீயில் உப்புப் போடலாம். அடுத்த தீவில் இறங்கி, லாஞ்சு ஏறி மகள் வீட்டுக்குப் போய்விடலாம். போனால் என்ன ஆகும்? 'ஒரு உப்புப் போட்ட டீக்காக ஓடிப்போனா' என்று புதுக் கதை உண்டாகும். அப்புறம் ஓர் எண்ணம் வந்தது. நாளைக்கு வேண்டுமென்றே தப்பாகக் காட்டி மணலில் ஏற்றிவிட்டால்? அதுவும் உதவாது. கைகாட்டி மறுபடியும் தப்பாகக் காட்டினாள் என்று இன்னும் பத்து வருஷம் ஓட்டுவார். இந்தப் படகில் என்ன நடந்தாலும் அதைச் சொல்கிற வாய் ஒன்றுதான்.

அப்போதுதான் அந்தம்மாவுக்கு விஷயம் பிடிபட்டது. பழிவாங்க நினைப்பவர்கள் எல்லாரும் ஏதாவது தப்பான வேலை செய்வார்கள். அவர் சரியான வேலையைச் செய்வதென்று முடிவெடுத்தார். நன்றாகத் தூங்கினார்.

காலையில் பெட்டியிலிருந்து முழுக்கை வைத்த சிவப்புச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். தூரத்திலிருந்து பார்த்தாலும் கை தெரிய வேண்டும். அன்று முழு நிலவு நாள். கடல் நன்றாக ஏறியிருக்கும்போதுதான் அந்த வாய்க்காலுக்குள் நுழைய முடியும். டாக்டரின் படகு முன்னால், பின்னால் இளம் ஜோடி, கடைசியில் மீசைக்காரர். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருந்தது. தண்ணீர் கண்ணாடி மாதிரி. நிறங்கள் துணிக்கடையில் விரித்துப் போட்டதுபோல் தெளிவாகத் தெரிந்தன.

வாய்க்கால் ஆரம்பத்தில் அகலமாக இருந்தது. அந்தம்மா வலது கையை நீட்டினார். டாக்டர் படகை இடதுபக்கம் திருப்பினார். திரும்பி மற்ற படகுகளைப் பார்த்துக் கையை ஆட்டினார். ரேடியோவில் மீசைக்காரரின் சிரிப்பு கரகரத்தது. அந்தம்மா பலகையில் இரண்டு முறை மிதித்தார். டாக்டர் சக்கரத்தைச் சரியான பக்கம் திருப்பிக்கொண்டார். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி ஒரு கை; மறுபடி எதிர்ப்பக்கம்; மறுபடி சிரிப்பு. மிதி விழுந்ததும் டாக்டர் படகைத் திருப்பிக்கொண்டார். இது ஒரு சுகமான விளையாட்டாக அவருக்குப் பட்டது. கையை எவ்வளவு கேலி செய்தாலும் கால் காப்பாற்றும்.

வாய்க்கால் குறுகியது. வலதுபக்கம் கருநீலம். இடதுபக்கம் மூங்கில் குருத்து மாதிரி வெளிறிய பச்சை. அந்தம்மா நன்றாகப் பார்த்தார். பழுப்பு எங்கும் இல்லை. சுத்தமான மணல், மாவு போல. பழிவாங்கும்போதும் வீட்டை உடைக்கக் கூடாது. அது அவருடைய வீடும்தான். அந்தப் பவளங்களும் அவருக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை.

வலது கையைத் தோளுக்கு நேராக நீட்டினார். சிவப்புக் கை கொடிபோல் நின்றது. டாக்டர் இடதுபக்கம் திருப்பினார். பின்னால் பார்த்துக் கையை ஆட்டினார். மிதிக்காகக் காத்திருந்தார்.

அந்தம்மா மிதிக்கவில்லை. கையையும் இறக்கவில்லை.

படகு மெத்தையில் உட்காருவதுபோல் உட்கார்ந்தது. சத்தமே இல்லை. டாக்டர் மட்டும் சக்கரத்தின் மேல் போய் விழுந்தார். இன்ஜினைப் பின்னோக்கி உறுமவிட்டுப் பார்த்தார். தண்ணீர் பால் மாதிரி கலங்கியதே தவிர, படகு அசையவில்லை. பின்னால் வந்த இரண்டு படகுகளும் சிவப்புக் கையைப் பார்த்தபடியே வலதுபக்கம் ஒதுங்கி, கருநீலத்தில் வழுக்கிக்கொண்டு உள்ளே போயின.

டாக்டர் முன்னால் ஓடிவந்தார். "ஏன் மிதிக்கல?"

"கையைக் காட்டினேனே. அது போதாதா?"

"விளையாட்டுக்குன்னு உனக்குத் தெரியும்ல."

"தெரியும். ரொம்ப நாளா தெரியும்" என்றார் அந்தம்மா. சட்டைக் கையைத் தட்டிவிட்டுக்கொண்டு உள்ளே போனார்.

இறங்கு தண்ணீர் யாருக்காகவும் காத்திருக்காது. மத்தியானத்துக்குள் மணல் மேலே வந்துவிட்டது. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து, குடித்துவிட்டு விழுந்தவனைப் போல் கிடந்தது. உள்ளே பாத்திரங்களெல்லாம் ஒரு மூலையில் குவிந்தன. அடுப்பில் எதையும் வைக்க முடியாது. இருவரும் ஏணி போட்டு மணலில் இறங்கினார்கள். இறங்கும்போது டாக்டர் அவருக்குக் கை கொடுத்தார். அவர் ஏணியைப் பிடித்துக்கொண்டார். அடுத்த ஏற்றம் சாயங்காலம் தாண்டி வரும். இன்றைய அளவுக்கு ஏறுமா என்பது சந்தேகம். மணலில் புதைந்த படகின் அடிக்கட்டையைச் சுற்றித் தோண்டி வைத்தால்தான் வழி.

மீசைக்காரர் மண்வெட்டியோடு ரப்பர் படகில் வந்தார். இளம் ஜோடி பிளாஸ்கில் டீ கொண்டுவந்தது. எல்லாரும் சாய்ந்த படகின் நிழலில் உட்கார்ந்தார்கள். மீசைக்காரர் அடிக்கட்டையைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு வந்தார்.

"டாக்டர், வேர் நல்லா ஆழமா இறங்கியிருக்கு. பிடுங்கறது கஷ்டம்."

"மரத்துப்போற ஊசி போட்டுட்டு இழுக்கலாம்" என்றான் பையன்.

டாக்டர் சிரித்தார். அடுத்த கேலிக்கும் சிரித்தார். அதற்கடுத்ததற்குப் பல் மட்டும் தெரிந்தது. எந்தக் கூட்டத்திலும் சிரிப்பு தன் பக்கம் திரும்பினால் அதை மனைவி பக்கம் தள்ளிவிடுவது அவருக்குக் கைவந்த கலை. இப்போதும் தள்ளிப் பார்த்தார். "இவ காலை மிதிக்கவே இல்ல. அதான் விஷயமே" என்றார்.

"கை வலதுல இருந்துச்சே டாக்டர்" என்றார் மீசைக்காரர். "நாங்க ரெண்டு படகும் அக்கா கையைப் பார்த்துத்தானே வந்தோம். நீங்க ஒருத்தர்தான் பார்க்கல."

எல்லாரும் சிரித்தார்கள். முந்தின நாள் சிரித்த அதே சிரிப்புதான், அதே தொடைதட்டல்தான். சிரிப்புக்கு ஆளானவர் மாறியதும் அது வேறு மாதிரி கேட்டது. டாக்டர் மணலைக் கிள்ளி எடுத்து மறுபடியும் மணலிலேயே போட்டுக்கொண்டிருந்தார். அந்தம்மா அவரைப் பார்த்தார். இரக்கம் வந்திருக்க வேண்டும் என்று எழுதத்தான் எனக்கும் ஆசை. வரவில்லை. வெயிலில் நடந்து வந்தவர் தண்ணீர் குடிப்பதுபோல் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, தினம் அவரே கதை சொல்றார். இன்னைக்கு நீங்க ஒண்ணு சொல்லுங்க" என்றார் மீசைக்காரர்.

அந்தம்மா குவளையைக் கீழே வைத்தார்.

"மருத்துவமனையை வித்த அன்னைக்கு சாவி குடுத்துட்டு வரேன்னு போனாரு. போனவரு வரவே இல்ல. என்னடான்னு நான் போய்ப் பார்த்தா, நோயாளி உட்கார்ற நாற்காலி இருக்குல்ல, அதுல..."

கேட்பவர்களின் உதடுகள் சிரிப்பதற்குத் தயாராகிவிட்டன. அன்று அந்த நாற்காலியில் டாக்டர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். இனிமேல் என்னை யார் டாக்டர் என்று கூப்பிடுவார்கள் என்று சின்னப் பிள்ளைபோல் கேட்டார். யாரிடமும் சொல்லாதே என்றார். மகளிடம்கூட அந்தம்மா சொன்னதில்லை. இப்போது அதை எங்கே இழுத்து, எங்கே முடித்தால் எல்லாரும் உருண்டு சிரிப்பார்கள் என்று அவருக்குத் துல்லியமாகத் தெரிந்தது. இத்தனை வருடம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டதில் வித்தை அவருக்கும் படிந்திருந்தது. முடிவு வரிகூட நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது.

"வேணாம்மா" என்றார் டாக்டர்.

மெதுவாகத்தான் சொன்னார். அந்தம்மா நிறுத்தினார்.

"அதுல என்ன அக்கா?" என்றான் பையன்.

அந்தம்மா அவனைப் பார்க்கவில்லை. கணவரைப் பார்த்தார். "ஒரே ஒரு தடவை வேணாம்னு சொன்னீங்க. நிறுத்திட்டேன் பாருங்க. இவ்வளவு சுலபம் அது."

கொஞ்ச தூரத்தில் மணல்மேட்டின் ஓரத்தை அலை நக்கிக்கொண்டிருந்தது. டாக்டர் எழுந்து நின்றார், மறுபடி உட்கார்ந்தார். வாழ்நாளில் முதல்முறையாக, சிரிப்பு வராத ஒன்றைக் கூட்டத்தின் முன்னால் சொல்ல வேண்டியிருந்தது. அதற்கு எப்படி ஆரம்பிப்பது என்பதே அவருக்குத் தெரியவில்லை.

"நேத்து சொன்னேனே, மிளகாய்ச் செடி" என்றார். "செடி எதுவும் விழல. அன்னைக்குக் காலைல இவ அக்கா இறந்துட்டாங்க. இவளை வளர்த்தவங்க. காத்து மாறுதுன்னு நான்தான் இவளைக் கூட்டிட்டுப் போய் முன்னாடி நிறுத்தினேன். அழுதுக்கிட்டே நின்னா. அதைத்தான் நான்..."

மீசைக்காரர் மீசையைத் தடவுவதை நிறுத்தினார். "தெரியாம சிரிச்சுட்டேன் அக்கா" என்றார்.

"நீங்க தெரியாம சிரிச்சீங்க. இவருக்குத் தெரியும்" என்றார் அந்தம்மா. பிறகு கணவரிடம் திரும்பி, "காலைல நான் மிதிக்காதது வேணும்னுதான்" என்றார்.

"தெரியும்."

"சந்தோஷமா இருந்துச்சு. இப்பவும் இருக்கு. மன்னிச்சுட்டேன்னு அவசரப்பட்டு நினைச்சுக்காதீங்க. அது தண்ணி ஏறுற மாதிரி மெதுவாத்தான் வரும். ஏறாமலும் போகலாம்."

டாக்டர் தலையாட்டினார். அந்தம்மா விடவில்லை. இத்தனை நாள் பொறுத்தது ஒரு வாக்கியத்துக்காகத்தான்.

"நம்மளை நம்பித்தான் ஒருத்தர் நம்ம முன்னாடி அழறாங்க. கூட வாழறவங்க அழுததை எடுத்துட்டுப் போய் நாலு பேர் சிரிக்கக் குடுக்கறது தமாஷ் இல்லீங்க. கை ஓங்காம அடிக்கிறது. வேணாம்னு சொன்னதுக்கப்புறமும் சொன்னா, அது தெரிஞ்சே அடிக்கிறது. சிரிக்க ஆள் வேணும்னா உங்களை எடுத்துக்குங்க. உங்ககிட்ட நிறைய இருக்கு, பஞ்சமே வராது."

கடைசி வரிக்கு மீசைக்காரருக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கலாமா என்று அந்தம்மாவின் முகத்தைப் பார்த்தார். சிரிக்கலாம் என்றிருந்தது. எல்லாரும் சிரித்தார்கள், டாக்டரும், சற்றுத் தாமதமாக, தன்னைப் பார்த்தே. பிறகு அவர் எழுந்து மீசைக்காரரின் மண்வெட்டியை வாங்கிக்கொண்டு அடிக்கட்டைக்குப் பக்கத்தில் தோண்டப் போனார்.

அதுவரை பேசாமல் இருந்த இளம் மனைவி தன் கணவன் பக்கம் திரும்பினாள்.

"நீயும் கேட்டுக்கிட்டியா?" என்றாள். "எல்லார் முன்னாடியும் என்னைப் பத்திப் பேசற பேச்சு இனிமே வேணாம். நான் இதை முதல் தடவையா சொல்றேன்."

பையன் வழக்கம்போல் டாக்டரைத் தேடினான். டாக்டர் முதுகைக் காட்டிக்கொண்டு மணலை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"சரி" என்றான் அவன். "முதல் தடவையே போதும்."